செம்பூரிலிருந்து முருட், ஸ்ரீவர்தன் பக்கம் மூன்று நாள்: பொரித்த மீனுக்கு எங்கே வண்டியை நிறுத்தலாம்?

செம்பூர் செல்வி:

டிசம்பர் நடுவில் வியாழன், வெள்ளி, சனி என்று சேர்ந்தாற்போல லீவு அமைந்திருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து அப்பா வந்திருக்கிறார். அப்பா, நான், வீட்டுக்காரர், ஒன்றாம் வகுப்பு படிக்கும் பையன், நாலு பேரும் காரில் அலிபாக் தாண்டி கடற்கரையை ஒட்டியே தெற்கே இறங்கலாம் என்று எண்ணம். கோட்டை, கோயில், தண்ணீர் ஸ்கூட்டர் எதுவும் முக்கியமில்லை. வழியில் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்து நல்ல பொரித்த மீன் சாப்பிட வேண்டும், அதற்காகத்தான் கிளம்புவதே.

சிக்கல் என்னவென்றால் அப்பா. வந்த மறுநாளே இங்கே ஒரு ஓட்டலுக்குக் கூட்டிப்போய் சுர்மை (வஞ்சிரம்) ரவா ஃப்ரை வாங்கிக் கொடுத்தோம். மேலே ஒட்டியிருந்த ரவையைச் சுரண்டித் தட்டின் ஓரமாக ஒதுக்கிவிட்டு, "மீனை எதுக்கு இப்படி ஒளிச்சு வைக்கான்?" என்று கேட்டார். அன்றிலிருந்து ஓட்டல் மீன் என்றாலே தயிர் சாதம் சொல்லிவிடுகிறார். முட்டிவலி வேறு, காரில் ரொம்ப நேரம் மடக்கி உட்கார முடியாது.

எந்த ஊரில் நிறுத்துவது, எங்கே தங்குவது, என்ன மீனைக் கேட்டு வாங்குவது? மூன்று நாளில் தாபோலி வரை போய்த் திரும்ப முடியுமா? நெட்டில் தேடினால் எல்லாரும் அதே நாலைந்து ரிசார்ட் பெயரையே திருப்பித் திருப்பிச் சொல்கிறார்கள். கடை பெயர் தெரிந்தவர்கள் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

வாஷி மக்கா:

அக்கா, அப்பாவுக்கு முட்டிவலி என்றால் போகும்போது ரோரோ கப்பலில் போங்கள். மஜ்காவ் பாவுச்சா தக்கா படகுத்துறையில் காரோடு ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் மாண்ட்வாவில் இறங்கிவிடலாம். மேலே போய்க் காலை நீட்டி உட்கார்ந்துகொள்ளலாம், பையனும் குஷியாக இருப்பான். காருக்கு முன்பதிவு முக்கியம், லீவு நாளில் இடம் கிடைக்காது. திரும்பும்போது ரோட்டில் வந்து, சிர்லேயில் அடல் சேது கடல் பாலம் ஏறிச் சிவ்ரியில் இறங்கினால் செம்பூர் பக்கம்தானே. கடை பெயர் எனக்கும் தெரிந்தால் நன்றாக இருக்கும், நானும் அதே ரிசார்ட்டில் ஏமாந்த ஆள்தான்.

ஐஸ்கார அண்ணாச்சி:

செல்விம்மா, நான் சயான் கோலிவாடாக்காரன். ஐஸ் பாக்டரி கம்ப்ரசர் பழுது பார்ப்பது என் தொழில். ரேவ்தண்டாவிலிருந்து ஹர்ணை வரை படகு நிற்கிற ஊர்களில் ஐஸ் தேவைப்படும். ஐஸ் இருக்கிற இடத்தில் எனக்கு வேலை இருக்கும். மத்தியானச் சாப்பாடு அங்கேயேதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கடை பெயர் சொல்ல மாட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பக்கம் நல்ல மீன் கிடைப்பது பெரும்பாலும் வீட்டுச் சாப்பாட்டுக் கடைகளில். 'கர்குதி கானாவள்' என்று போர்டு தொங்கும். முன்திண்ணையில் நாலு மேசை, உள்ளே வீட்டம்மா. அந்த அம்மா மகள் பிரசவத்துக்கு வெளியூர் போனால் அந்த மாதம் கடையில் ருசியும் கூடவே போய்விடும். போன வருஷம் நான் சப்புக்கொட்டிய இடத்தை உங்களுக்கு எழுதிக் கொடுத்து, நீங்கள் போய் உட்கார்ந்து என்னைத் திட்ட வேண்டாம். அதற்குப் பதில் ஊரையும் நேரத்தையும் சொல்கிறேன்.

கடையைப் பார்த்து வண்டியை ஓட்டாதீர்கள், படகைப் பார்த்து ஓட்டுங்கள். காரணம் இருக்கிறது. பெரிய டிராலர் கடலுக்குள் போனால் பல நாள் கழித்துத்தான் கரைக்கு வரும். முதல் நாள் பிடித்த மீன் அடியில் ஐஸுக்குள் கிடக்கும், கடைசி நாள் பிடித்தது மேலே இருக்கும், ஏலத்தில் எல்லாம் ஒரே விலைக் குவியலாகத்தான் விழும். சின்னப் படகு விடியற்காலை போய் மத்தியானத்துக்குள் திரும்பிவிடும். அதில் ஐஸே கொஞ்சம்தான் ஏற்றுவார்கள். எங்கள் ஆட்கள் ஒரு படகில் எத்தனை ஐஸ் பார் ஏறுகிறது என்று பார்த்தே அது எத்தனை நாள் கடலில் இருக்கும் என்று சொல்லிவிடுவார்கள். அப்பா தூத்துக்குடிக்காரர், இதை நான் அவருக்கு விளக்க வேண்டியதில்லை. உங்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: ஒருநாள் படகு வந்து சேரும் ஊரில் மத்தியானம் சாப்பிடுங்கள். ராத்திரிச் சாப்பாட்டை லேசாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊர்களில் ராத்திரி பொரிக்கும் மீன் பெரும்பாலும் மத்தியானம் மிஞ்சியதுதான்.

இரண்டாவது, என்ன மீன். சுர்மையும் பாப்லெட்டும் (வாவல்) கேட்காதீர்கள். மும்பையிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் அந்த இரண்டைத்தான் கேட்கிறார்கள், அதனால் கடைக்காரர் அதை எப்போதும் ஐஸில் போட்டே வைத்திருப்பார். பாப்லெட்டைப் பற்றி இன்னொன்று. 2023ல் மகாராஷ்டிரா அரசு அதை மாநில மீனாக அறிவித்தது, வரத்து குறைந்துகொண்டே போவதால்தான். இன்னும் உள்ளங்கை அளவு குஞ்சுகளைப் பொரித்துத் தட்டில் வைக்கிறார்கள். நான் அதைத் தொடுவதில்லை. நீங்கள் உட்கார்ந்ததும் "ஆஜ் தாஜா காய் ஆலா?" (இன்றைக்குப் புதிதாக என்ன வந்தது?) என்று கேளுங்கள். வீட்டம்மா யோசிக்காமல் ஒரு பெயர் சொன்னால் அதையே வாங்குங்கள். "சப் ஹை, ஸர்" (எல்லாம் இருக்கிறது) என்று பதில் வந்தால் சாயா குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

டிசம்பரில் பொம்பில், அதாவது பாம்பே டக் மீன், நன்றாக இருக்கும். அந்தக் கரையில் பொம்பில், மாந்தேலி, ஜவளா என்கிற பொடி இறால் எல்லாம் 'டோல்' என்கிற பை வலையில் விழுவது. கடலுக்குள் நட்ட கம்பில் வலையைக் கட்டி வாயை நீரோட்டத்துக்கு எதிரே திறந்து வைத்துவிடுவார்கள், ஓட்டம் வேகமாக இருந்தால்தான் வலை நிறையும். ஆகவே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் போனால் பொம்பில் மலிவாகவும் நிறையவும் கிடைக்கும். காலண்டரைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பொம்பிலின் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். அப்படியே தவாவில் போட்டால் கரைந்து கூழாகிவிடும். நல்ல கடையில் காலையிலேயே நடுவில் பிளந்து, முள்ளை உருவி, உப்புப் போட்டு இரண்டு பலகைக்கு நடுவில் அடுக்கி மேலே அம்மிக்கல்லையோ தண்ணீர்க் குடத்தையோ ஏற்றி வைத்திருப்பார்கள். தண்ணீர் சொட்டுச் சொட்டாக வடிந்து மீன் தட்டையாகும். அப்புறம் மஞ்சள், மிளகாய்ப்பொடி, இஞ்சி பூண்டு பச்சைமிளகாய் கொத்தமல்லி அரைத்த விழுது, கொகம் என்கிற புளிப்புப் பழத்தின் சாறு. மேலே அரிசி மாவு புரட்டித் தவாவில் எண்ணெய் விட்டு நிதானமாகப் பொரித்தால், வெளியே மொறுமொறுப்பும் உள்ளே வெண்ணெயுமாக இருக்கும். கடைக்குள் நுழையும்போது பின்பக்கம் எட்டிப் பாருங்கள். குடம் ஏற்றிய பலகை தெரிந்தால் தைரியமாக உட்காரலாம். ஆர்டர் கொடுத்த பிறகு பிளக்கிற கடையில் பொம்பில் வேண்டாம்.

மாந்தேலி நம் நெத்திலிக்குச் சொந்தம், கொஞ்சம் பொன்னிறமாக இருக்கும். தலையைக் கிள்ளிவிட்டு முள்ளோடு பொரிப்பார்கள், தட்டு தட்டாக உள்ளே போகும். பாங்டா நம் கானாங்கெளுத்தி, உங்கள் ஊரில் அயிலை என்பீர்கள். அது எங்கேயும் கிடைக்கும், ஏமாற்றாது. அப்பாவுக்கு நான் சொல்வது முடதுஷி. அது நம் கிழங்கான்தான். மும்பை ஓட்டல்களில் அபூர்வம், அந்தக் கரையில் சின்னப் படகுக்காரர்கள் கொண்டுவருவார்கள், கண்ணில் பட்டால் விடாதீர்கள். பேண், அலிபாக் பக்கம் ஜிதாடா என்று பெரிதாகப் பேசுவார்கள். அது கொடுவா. உப்பங்கழி ஓரத்து வயல் குளங்களில் வளர்ப்பது. ருசியான மீன்தான், ஆனால் விலை கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

ரவை விஷயத்தில் நான் அப்பா கட்சி. அதற்காகத் தயிர் சாதம் வரை போக வேண்டாம். "ரவா நகோ, நுஸ்தா மசாலா லாவூன் தவ்யாவர்" (ரவை வேண்டாம், மசாலா மட்டும் தடவித் தவாவில்) என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மீனைக் கழுவி மசாலா தடவும் முன்னால் சொல்ல வேண்டும், தட்டு வந்த பிறகு சொல்லிப் பயனில்லை. ரவை ஒட்டுவதில் ஒரு சௌகரியம் உண்டு: பழைய மீன் துண்டு தவாவில் உதிராமல் பிடித்துக்கொள்ளும். ரவை இல்லாமல் கேட்டால் சமையல்காரர் தானாகவே நல்ல துண்டாகப் பார்த்து எடுப்பார். அப்புறம் 'கோலிவாடா ஃப்ரை' என்று மெனுவில் பார்த்தால் அங்கே கேட்காதீர்கள். அது எங்கள் பேட்டைச் சரக்கு. பிரிவினைக்குப் பிறகு சயான் கோலிவாடாவில் குடியேறிய பஞ்சாபிக்காரர்களின் கடைகளில் பிறந்தது, கடலை மாவில் முக்கி எண்ணெயில் மிதக்கவிடுவது. திரும்பி வந்து இங்கே வாருங்கள், நானே வாங்கித் தருகிறேன்.

இப்போது வழி. மூன்று நாளில் தாபோலி வரை போகலாம், ஆனால் மூன்றாம் நாள் முழுக்கக் காரிலேயே கழியும். முட்டிவலிக்காரரை வைத்துக்கொண்டு அது வேண்டாம். ஹரிஹரேஷ்வரோடு திரும்புங்கள்.

வியாழன் அலிபாக்கில் நிற்காமல் நாகாவ், சௌல் வழியாக ரேவ்தண்டா. அங்கே மத்தியானச் சாப்பாடு. பக்கத்தில் குண்டலிகா ஆறு கடலில் விழுகிறது, படகு உள்ளே வருவதை உட்கார்ந்து பார்க்கலாம். பாலம் தாண்டினால் கோர்லாய். அந்த ஊர்க்காரர்களில் ஒரு பகுதியினர் இன்னமும் போர்த்துகீசியம் கலந்த ஒரு பேச்சு பேசுகிறார்கள், காது கொடுத்துக் கேளுங்கள். காஷித் கடற்கரை பார்க்க அழகு, சாப்பிட நிற்காதீர்கள், கும்பல். ராத்திரி முருட்.

வெள்ளி காலை அகர்தண்டாவில் காரோடு பெர்ரி ஏறினால் அரை மணிக்குள் திகி. அங்கிருந்து திவேயாகர் வழியாகப் பரட்கோல், சேகாடி, ஆராவி என்று ஸ்ரீவர்தன் போகிற ரோடு இருக்கிறதே, ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், நடுவில் நீங்கள் மட்டும். என்னைக் கேட்டால் மும்பையிலிருந்து கிளம்பியதே அந்த ஒரு துண்டு ரோட்டுக்காக என்பேன். பரட்கோலில் வண்டியை ஓரம்கட்டுங்கள். மீனவர் ஊர், படகுகள் நிற்கும், கரையில் கம்பு கட்டி மீன் காயும். அங்கே மீனைப் பார்த்துவிட்டு ஸ்ரீவர்தனில் சாப்பாடு. ராத்திரி ஸ்ரீவர்தனிலேயே தங்கலாம், ஹரிஹரேஷ்வரிலும் தங்கலாம். ஹரிஹரேஷ்வரில் கோயிலை ஒட்டிய பக்கம் சைவச் சாப்பாடுதான் அதிகம், ஆகவே சாப்பாட்டை ஸ்ரீவர்தனில் முடிப்பது மேல். சனிக்கிழமை ம்ஹஸ்ளா, மாண்காவ் வந்து ஹைவே பிடித்து வீடு.

ஒன்று விட்டுப்போயிற்று. டிசம்பர் நடுவில் வரும் வியாழன் பெரும்பாலும் மார்கசீர்ஷ மாத வியாழனாக அமையும். மராத்திப் பெண்கள் மகாலட்சுமி விரதம் இருப்பார்கள், பல வீட்டுக் கடைகளில் அன்றைக்கு மீனே ஏறாது. முதல் நாள் மத்தியானத்துக்குக் காலையிலேயே போன் போட்டு விசாரித்துவிட்டுப் போங்கள். எப்படியும் இந்தக் கடைகளுக்குக் காலையில் சொல்லிவைப்பதுதான் மரியாதை. ஆள் கணக்குக்கு மீன் வாங்கி வைப்பார்கள்.

டோம்பிவிலி கணேசன்:

அண்ணாச்சி விவரமாக எழுதியிருக்கிறார், மறுக்கவில்லை. ஆனால் கேள்வியைச் சரியாகப் படித்தாரா என்று தெரியவில்லை. அந்த அம்மா "கடலைப் பார்த்தபடி உட்கார்ந்து" என்று எழுதியிருக்கிறார். கானாவளில் உட்கார்ந்தால் எதிரே தெரிவது பாக்குத் தோப்பும் துவைத்துப் போட்ட துணியும்தான். வருஷத்தில் ஒரு தடவை குடும்பத்தோடு போகிறவர்களுக்கு மீன் ஒரு பங்கு குறைந்தாலும் பரவாயில்லை, காற்று வேண்டும், மணலில் பிள்ளை விளையாட வேண்டும். எல்லாரும் பொம்பில் முதுகில் குடம் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

ஆனால் ஒரு எச்சரிக்கை. முருட் போகிற வழியில் மணலிலேயே மேசை போட்ட ஒரு கடையில் உட்கார்ந்தோம். மெனுவில் சுர்மைக்கு நேரே விலை இல்லை, 'அளவைப் பொறுத்து' என்று மட்டும் இருந்தது. பில் வந்தபோது ஒரே மீனின் மூன்று துண்டை மூன்று மீனாகப் போட்டிருந்தார்கள். கேட்டால் "துண்டுக்குத்தான் ரேட்" என்றான். மனைவி முன்னால் சண்டை போட வேண்டாம் என்று கொடுத்துவிட்டு வந்தேன். அளவைப் பொறுத்து என்று எங்கே பார்த்தாலும், துண்டுக்கா முழு மீனுக்கா, எவ்வளவு என்று பொரிக்கும் முன்னால் வாயால் சொல்லவைத்துவிடுங்கள்.

ஐஸ்கார அண்ணாச்சி:

கணேசன் தம்பி, கேள்வியைப் படித்தேன், அதனால்தான் சுற்றி வளைத்தேன். கடல் தெரிகிற கடையில் பாதிக் காசு கடலுக்குப் போகிறது. இரண்டும் சேர்ந்து வேண்டும் என்றால் படகுத்துறைக்குப் போங்கள். பெர்ரிக்குக் காத்திருக்கிற இடங்களில், அகர்தண்டா, திகி பக்கம், தகர ஷெட் போட்ட சின்னக் கடைகள் உண்டு. எதிரே கழிமுகம், காற்றுக்குக் குறையில்லை, பெஞ்சு ஆடும். அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் படகுக்காரர்களும் லாரி டிரைவர்களும். அவர்களுக்குப் பழைய மீனை வைத்தால் கடை நடக்காது. பாங்டாவும் மாந்தேலியும் தவிர வேறு எதுவும் இருக்காது, இருக்கவும் வேண்டாம்.

இன்னொரு வழி, திவேயாகரிலோ ஸ்ரீவர்தனிலோ கானாவளில் சொல்லிப் பொரித்த மீனையும் பாக்ரி என்கிற அரிசி ரொட்டியையும் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு கடற்கரைக்கு நடந்துவிடுங்கள். பொட்டலத்தை மூடாமல் காகிதத்தில் வாங்குங்கள். பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்தால் ஆவியில் மொறுமொறுப்பு போய்விடும். விலை பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

நெரூல் பாத்திமா:

செல்வி, உங்கள் அப்பாவுக்கு ரவை இல்லாத மீன் வேண்டும் என்றால் கொக்கணி முஸ்லிம் வீட்டுச் சமையலைத் தேடுங்கள். முருட், ஸ்ரீவர்தன், ம்ஹஸ்ளா பக்கம் அவர்கள் நிறைய. எங்கள் மாடிவீட்டுக்காரர் ஸ்ரீவர்தன், அவர் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். மிளகாய், மஞ்சள், பூண்டு, புளிப்புக்குக் கொகம், அவ்வளவுதான் மசாலா, தவாவில் அப்படியே போடுவார்கள். நான் காயல்பட்டினம், எனக்கே ஊர் நினைப்பு வந்தது. அவர்கள் வீடுகளில் நடத்தும் சாப்பாட்டுக் கடைகளும் இருக்கின்றன, பஜாரில் மீன் விற்கிற பெண்களிடம் கேட்டால் கை காட்டுவார்கள்.

ஆனால் நீங்கள் அங்கே போகிற நாள் வெள்ளி. ஜும்மா நேரத்தில், பகல் ஒரு மணியிலிருந்து இரண்டு வரை, அந்தக் கடைகள் மூடியிருக்கும். பன்னிரண்டரைக்கு முன்னால் சாப்பிட்டு முடியுங்கள், இல்லை இரண்டரைக்குப் போங்கள். அண்ணாச்சி சொன்ன வியாழன் கணக்கும் இதுவும் சேர்ந்தால் உங்கள் மூன்று நாளில் பாதி மத்தியானம் போயிற்று, சிரிப்புதான் வருகிறது.

பையனுக்கு: "மசாலா கமி" என்று சொன்னால் குறைக்க மாட்டார்கள், ஏனென்றால் ஊறப்போட்ட மீன் ஏற்கெனவே தயாராக இருக்கும். அவனுக்கு மட்டும் ஒரு துண்டில் உப்பும் மஞ்சளும் போட்டுப் பொரிக்கச் சொல்லுங்கள், செய்வார்கள். சுர்மை துண்டே அவனுக்கு நல்லது, நடுமுள் ஒன்றுதான், எடுப்பது சுலபம். பொம்பிலும் சரி, முள் எடுத்ததென்றால். மாந்தேலி வேண்டாம். சோல்கடி பிள்ளைகள் குடிப்பார்கள், தேங்காய்ப்பாலும் கொகமும்தான், ஆனால் சில கடைகளில் பச்சைமிளகாயும் பூண்டும் தூக்கலாக இருக்கும், முதலில் நீங்கள் ஒரு வாய் பாருங்கள்.

பெர்ரியில் காரை ஏற்றுவது பற்றி யாரும் சொல்லவில்லை. சில சமயம் பின்பக்கமாக ஏற்றச் சொல்வார்கள். தண்ணீர் வற்றிய நேரத்தில் சரிவு செங்குத்தாக இருக்கும், தாழ்வான கார் அடி தட்டும். ரிவர்ஸில் கை வராதவர் என்றால் உங்கள் வீட்டுக்காரரை இந்த வாரமே சொசைட்டி பார்க்கிங்கில் பழகச் சொல்லுங்கள். அப்பாவையும் பையனையும் இறக்கிவிட்டு ஏற்றுவது நல்லது.

வாஷி மக்கா:

பாத்திமா அக்கா சொன்னது உண்மை. அங்கே ஒருவர் கை காட்டுவார், இன்னொருவர் கத்துவார், இரண்டும் வேறு வேறு திசை. கை காட்டுகிறவரை மட்டும் பாருங்கள். பணமாகக் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள், திகிக்கு அப்புறம் போனில் டவர் விட்டுவிட்டுத்தான் வரும், ஸ்கேன் பண்ணிக் காசு கொடுப்பது கஷ்டம். மேப்பையும் முன்கூட்டியே இறக்கி வையுங்கள். ரேவஸ் ரெட்டி கடற்கரை ரோட்டு வேலையும் ஆங்காங்கே நடக்கிறது, மேப் காட்டுகிற ரோடு சில இடத்தில் வெட்டிப் போட்டிருக்கும். பெட்ரோலை முருட்டிலேயே நிரப்பிவிடுங்கள்.

செம்பூர் செல்வி:

அண்ணாச்சி, அக்கா, எல்லாருக்கும் நன்றி. அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். ஐஸ் பார் கணக்கு வந்த இடத்தில், "யாரு இவரு? விவரமான ஆளா இருக்காரே" என்றார். ரவை உதிராமல் பிடித்துக்கொள்ளும் என்றதற்கு என்னை ஒரு பார்வை பார்த்தார். மீன் கடைக்கு வருவதாக ஒப்புக்கொண்டார், அதுவே பெரிது.

இப்படி முடிவு செய்திருக்கிறோம்: ரோரோவில் மாண்ட்வா, வியாழன் மத்தியானம் ரேவ்தண்டாவில் போன் போட்டுப் பார்த்து, மீன் இல்லையென்றால் துறைப்பக்கம் ஏதாவது. ராத்திரி முருட். வெள்ளி சீக்கிரமே கிளம்பிப் பரட்கோல் பார்த்துவிட்டுப் பன்னிரண்டு மணிக்கு ஸ்ரீவர்தன். சனி காலை அங்கேயே மீன் வாங்கி வீட்டுக்கு எடுத்து வரலாமா? அப்பா கிழங்கான் கிடைத்தால் கொண்டுவந்து இங்கே அம்மா முறையில் வறுத்துத் தருகிறேன் என்கிறார். அவ்வளவு தூரம் தாங்குமா? கருவாடும் வாங்க ஆசை. அடல் சேது டோல் எவ்வளவு என்று யாராவது சொன்னால் நல்லது.

டோம்பிவிலி கணேசன்:

திறந்தபோது காருக்கு ஒரு வழி 250 ரூபாய். ஃபாஸ்டாக்கில் கொஞ்சம் கூடுதலாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

ஐஸ்கார அண்ணாச்சி:

அப்பாவுக்கு என் வணக்கம். ஊருக்குத் திரும்பும் முன்னால் ஒரு நாள் சயான் பக்கம் கூட்டி வாருங்கள்.

தாராளமாகத் தாங்கும். இது என் துறை, கேளுங்கள். பெரிய தெர்மாகோல் பெட்டி ஒன்று மும்பையிலிருந்தே எடுத்துப் போங்கள், அங்கே அலைய வேண்டாம். ஐஸை மீன் வாங்குகிற இடத்திலேயே தூளாக உடைத்து வாங்குங்கள். பெரிய கட்டியாகப் போட்டால் மீனுக்கும் கட்டிக்கும் நடுவே காற்று நிற்கும், குளிர் பிடிக்காது, முனை குத்திக் கிழங்கான் மாதிரி மெல்லிய மீன் நசுங்கவும் செய்யும். மீன் எவ்வளவோ ஐஸும் அவ்வளவு. அடியில் ஒரு படுகை ஐஸ், மேலே மீன், மறுபடி ஐஸ், கடைசியில் மேலே ஐஸ்தான் இருக்க வேண்டும். குடலையும் செவுளையும் அங்கேயே எடுக்கச் சொல்லிவிடுங்கள், துண்டு மட்டும் போட வேண்டாம், துண்டு போட்டால் தண்ணீரில் ஊறிச் சத்தில்லாமல் போகும். பெட்டியின் ஒரு கீழ் மூலையில் ஓட்டை போட்டு அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டு வையுங்கள். உருகிய தண்ணீரில் மீன் மிதக்கக் கூடாது, ருசி போவது அங்கேதான்.

காலை ஏழு மணிக்குள் வாங்கி எட்டுக்குள் கிளம்பிவிட்டால் மாண்காவுக்கு அப்புறம் வரும் நெரிசலில் நின்றாலும் மீனுக்கு ஒன்றும் ஆகாது. பெட்டியை வழியில் திறந்து திறந்து பார்க்காதீர்கள். அப்பா பார்ப்பார், நீங்கள்தான் தடுக்க வேண்டும்.

கருவாட்டில் சுக்கட், அதாவது காய்ந்த சின்ன இறால், வாங்குங்கள், பரட்கோலில் நன்றாக இருக்கும். கையில் எடுத்து உரசினால் சலசலவென்று சத்தம் வர வேண்டும், ஒட்டினால் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம், விட்டுவிடுங்கள். காய்ந்த பொம்பிலும் அங்கேயே கிடைக்கும். இரண்டையும் ஒன்றுக்கு இரண்டாகப் பையில் கட்டி டிக்கியின் கோடியில் வையுங்கள். வெள்ளிக்கிழமை வாங்கி ராத்திரி முழுக்கக் காரில் வைத்துவிட்டால் சனிக்கிழமை ஏசி போட்டதும் உங்கள் வீட்டுக்காரர் என்னைத் தேடிக் கோலிவாடாவுக்கே வந்துவிடுவார். ராத்திரி அதைக் காரில் விடாமல் வெளியே எடுத்து வைத்து, சனி காலையில் கடைசியாக ஏற்றுங்கள்.